பஞ்சகல்யாணியும் பூனைக்கண்ணும்

மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் ஒரு குதிரைப் பந்தயம் வருகிறது. அதில் குதிரை ஓடவே இல்லை. பாற்கடலில் பிறந்த உச்சைசிரவஸின் வால் என்ன நிறம் என்று கத்ருவும் வினதையும் வாதாடினார்கள். தோற்றவள் மற்றவளுக்கு அடிமை என்று பேச்சு. முழு வெள்ளை என்றாள் வினதை. வால் மட்டும் கறுப்பு என்ற கத்ரு, தன் பாம்புப் பிள்ளைகளை அந்த வாலில் போய்ச் சுற்றிக்கொள்ளச் சொல்லி ஜெயித்தும்விட்டாள். வேகத்தை விட்டுவிட்டு நிறத்தின் மேல் பணயம் வைக்கிற புத்தி அவ்வளவு பழசு.

பெங்களூரு ரேஸ் கோர்ஸில் பணம் வேகத்தின் மேல்தான் கட்டப்படுகிறது. இருந்தாலும் ரேஸ் புத்தகத்தைப் புரட்டினால், ஒவ்வொரு குதிரையின் பெயரோடும் வயது, தாய், தகப்பன் விவரங்களுக்கு நடுவே அதன் நிறமும் ஒன்றிரண்டு எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் 'பே', அடுத்தபடியாக 'செஸ்ட்நட்', எப்போதாவது 'கிரே'. தரோபிரெட் என்னும் ரேஸ் ஜாதியில் அன்றாடம் பார்க்கக் கிடைக்கும் நிறங்கள் ஏறக்குறைய அவ்வளவுதான்.

மைதானத்துக்கு வெளியே நகரம் வேறு நிறங்களையும் காட்டுகிறது. வடஇந்தியக் கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமந்து வரும் வெள்ளைக் குதிரைகளில் சிலவற்றுக்கு மூக்கு நுனி ரோஜா நிறம்; சிலவற்றுக்குக் கண் நீலம். கர்நாடக எல்லை தாண்டி, பர்கூர் மலை இறங்கி, அந்தியூர் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் போனால் மார்வாரி, கத்தியவாரி, நொக்ரா என்று வரிசையாகக் கட்டியிருப்பார்கள். திப்பு சுல்தானே இங்கே குதிரை வாங்கியதாக ஊரார் சொல்லும் சந்தை அது. அங்கே வாங்க வருகிறவர்கள் முதலில் சுழி பார்ப்பார்கள். அடுத்து நெற்றியையும் காலையும் பார்ப்பார்கள். பிறகுதான் விலை பேச்சு.

இந்த நிறங்களை எழுதும் மரபணுக்களில் பெரும்பாலானவை கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் அடையாளம் காணப்பட்டுவிட்டன. அவற்றைச் சேர்த்துவைத்துப் பார்க்கும்போது ஒன்று புரிகிறது. ஒரு குதிரைமேல் வெள்ளை வந்து சேரப் பல வழிகள் உண்டு. கண் நீலமாகவும் ஒன்றுக்கு மேற்பட்ட வழி உண்டு. வந்த வழி எது என்பதைப் பொறுத்து அந்தக் குதிரைக்குக் காது கேட்குமா, வயதான பிறகு கட்டி வருமா, அதன் குட்டி பிழைக்குமா என்பதே மாறிப்போகிறது.

இரண்டே சாயம்

குதிரையின் உடலில் இருப்பது இரண்டே சாயங்கள். ஒன்று கறுப்பு மெலனின், மற்றது சிவப்பு மெலனின். மயிர்க்காலில் உட்கார்ந்திருக்கும் மெலனோசைட் என்ற நிறமி செல்கள் இவற்றைத் தயாரித்து, வளரும் மயிருக்குள் ஏற்றிவிடுகின்றன. எதைத் தயாரிப்பது என்று முடிவுசெய்வதில் பெரும்பங்கு இரண்டு மரபணுக்களுக்கு. எம்சி1ஆர் என்ற மரபணு, செல்லின் மேற்பரப்பில் ஓர் ஏற்பியை வைக்கிறது. அதற்குச் சமிக்ஞை கிடைத்தால் செல் கறுப்பைத் தயாரிக்கும். அகூட்டி என்ற மற்றொன்று அந்தச் சமிக்ஞையை உடலின் சில பகுதிகளில் தடுக்கும்.

அகூட்டி ஒழுங்காக வேலைசெய்தால் உடல் செம்பழுப்பாகி, பிடரியும் வாலும் காலும் மட்டும் கறுப்பாக நிற்கும். அதுதான் பே. அகூட்டி பழுதானால் தடுக்க ஆளில்லை. குதிரை முழுக் கறுப்பு. எம்சி1ஆர் பழுதானால் கறுப்புக்கே வழியில்லை. உடல், பிடரி, வால் எல்லாம் சிவப்பு. அதுவே செஸ்ட்நட்; மாடு வளர்ப்பவர்கள் வழக்கில் செவலை. எம்சி1ஆரின் இரண்டு பிரதிகளும் பழுதாக இருந்தால்தான் செவலை பிறக்கும். ஆகவே இரண்டு செவலைகளைச் சேர்த்தால் செவலை மட்டுமே பிறக்க முடியும். இரண்டு பேக்களைச் சேர்த்தால், இருவரும் ஒரு பழுதான பிரதியை ஒளித்துவைத்திருக்கும் பட்சத்தில், நான்கில் ஒன்று செவலையாகப் பிறக்க வாய்ப்புண்டு.

இன்று பாடப்புத்தக வரியாகிவிட்ட இந்த விதிக்காக லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு பெரிய சண்டையே நடந்தது. மெண்டலின் பட்டாணிக் கணக்கு மறுபடி கண்டெடுக்கப்பட்டு ஐந்து வருடம் ஆகியிருந்த நேரம். லெஸ்டர்ஷயரில் ஆர்க்கிட் நாற்றுப்பண்ணை நடத்திய சார்லஸ் ஹர்ஸ்ட், இங்கிலாந்தின் ரேஸ் குதிரை வம்சாவளிப் பதிவேட்டை உட்கார்ந்து எண்ணி, செவலைக்கும் செவலைக்கும் செவலையே பிறக்கிறது என்று 1905 டிசம்பரில் அறிவித்தார். மெண்டலை ஏற்காத உயிரியலாளர் வெல்டன் அதே பதிவேட்டை எடுத்துப் பார்த்து, செவலைப் பெற்றோருக்குப் பே குட்டி பிறந்ததாக எழுதியிருக்கும் இடங்களைக் காட்டினார். அவை எழுதியவர் செய்த பிழைகள் என்றார் ஹர்ஸ்ட். வெல்டன் விடவில்லை, பதிவேட்டுத் தொகுதிகளை விடுமுறைக்கு ரோமுக்குச் சுமந்துபோய் வரிவரியாகச் சரிபார்த்தார். வேலை முடியுமுன் 1906 ஏப்ரலில், 46 வயதில், நிமோனியாவில் இறந்துபோனார்.

தீர்ப்பு வர இன்னும் 90 ஆண்டுகள் ஆயின. 1996-ல் சுவீடன் ஆய்வாளர்கள் எம்சி1ஆர் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டார்கள். அந்த மாற்றத்தால் புரதத்தின் 83ஆம் இடத்தில் செரின் இருக்க வேண்டிய இடத்தில் ஃபினைல் அலனின் வந்து உட்கார்கிறது, ஏற்பி செயலற்றுப்போகிறது. ஹர்ஸ்ட் சொன்னதே சரி.

பெங்களூரிலிருந்து மங்களூரு போகும் நெடுஞ்சாலையில் சுமார் 70 கி.மீ. தொலைவில் குனிகல் இருக்கிறது. ஹைதர் அலி, திப்பு காலத்தில் குதிரைப்படைக்குக் குதிரை வளர்த்த பண்ணை, பிற்காலத்தில் ரேஸ் குதிரைப் பண்ணையாக மாறிய இடம். இப்படிப்பட்ட பண்ணைகளில் பிறக்கும் ஒவ்வொரு தரோபிரெட் குட்டியின் நிறமும் குறிகளும் வம்சாவளிப் பதிவேட்டுக்குப் போகின்றன. இரண்டு செவலைக்குப் பே பிறந்ததாக ஒரு வரி வந்தால் பெற்றோர் கணக்கில் தப்பு என்று அர்த்தம். டிஎன்ஏ சோதனை வருவதற்கு முன்பே நிறம் ஒரு தந்தைமைச் சோதனையாக வேலைசெய்திருக்கிறது.

வெள்ளையாகத் தெரியும் நரை

கல்யாணக் குதிரைக்கு வருவோம். வெள்ளைக் குதிரை என்று நாம் சொல்வதில் கணிசமானவை பிறவி வெள்ளை அல்ல. கறுப்பாகவோ பேயாகவோ செவலையாகவோ பிறந்து, ஒவ்வொரு முறை மயிர் உதிர்த்து முளைக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக நரைத்து, ஆறு முதல் எட்டு வயதுக்குள் வெளுத்துப்போனவை. ரேஸ் புத்தகத்தின் 'கிரே' இதுதான். இளவயதில் உடம்பெங்கும் நிலா வட்டம் போட்டதுபோல் புள்ளி தெரிகிற பருவம் இந்த நரையின் பாதிவழி.

பக்கத்தில் போய்ப் பார்த்தால் நரையைக் கண்டுபிடிப்பது எளிது. மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் தோல் கறுப்பாக இருக்கும், விழி கரும்பழுப்பு. குளிப்பாட்டும்போது ஈர மயிருக்கு அடியில் உடம்பு முழுக்கக் கருநீலமாகத் தெரியும். சாயம் மயிரில்தான் தீர்ந்திருக்கிறது. தோலில் அப்படியே இருக்கிறது.

இதற்குக் காரணமான மாற்றத்தை, சுவீடனின் உப்சாலாவில் லெயிஃப் ஆண்டர்சன் குழு 2008-ல் கண்டுபிடித்தது. எஸ்டிஎக்ஸ்17 என்ற மரபணுவின் நடுவே சுமார் 4,600 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு இரட்டித்துவிட்டிருக்கிறது. உலகில் உள்ள நரைக் குதிரைகளின் இந்த மாற்றம் ஒரே மூதாதையிடமிருந்து பரவியது. இரட்டித்த துண்டு நிறமி செல்களை ஓயாமல் தூண்டிவிடுகிறது. மயிர்க்காலில் இருக்கும் செல்களின் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்து மயிர் நரைக்கிறது. தோலில் இருக்கும் செல்களோ பெருகிக்கொண்டே போகின்றன. விளைவு மெலனோமா. 15 வயது தாண்டிய நரைக் குதிரைகளில் 70 முதல் 80 சதவீதத்துக்கு வாலடியிலோ ஆசனவாயைச் சுற்றியோ கறுப்புக் கட்டிகள் இருக்கும். 2024-ல் வந்த ஆய்வு இன்னொரு நுணுக்கத்தையும் காட்டியது. அந்தத் துண்டு இரண்டு பிரதியாக இருந்தால் குதிரை மெதுவாக நரைக்கிறது, கட்டி அபாயமும் ஏறுவதில்லை. மூன்று பிரதியாக இருந்தால் வேகமாக நரைத்து, அபாயமும் கூடுகிறது. பால்வெள்ளையாகச் சீக்கிரம் மாறும் குதிரைக்குத்தான் சந்தையில் மதிப்பு. நோய் வாய்ப்பும் அதற்கே அதிகம்.

பன்னர்கட்டா புலியின் உறவுக்காரன்

நரைக்கு நீலக் கண் வராது. அது வருவதற்கான முதல் வழியைப் புரிந்துகொள்ள பன்னர்கட்டா உயிரியல் பூங்கா வரை போகலாம். அங்கே பார்வையாளர்களைக் கவரும் வெள்ளைப் புலிகளின் கண் நீலம். 1951-ல் ரேவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற குட்டியின் வழிவந்தவையே உயிர்க்காட்சிச் சாலைகளின் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை. 2013-ல் சீன ஆய்வாளர்கள் அவற்றின் நிறத்துக்கான காரணத்தைக் கண்டார்கள். எஸ்எல்சி45ஏ2 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாற்றம். அதே மரபணுவில் வேறோர் இடத்தில் நேர்ந்த மாற்றம்தான் குதிரைகளில் 'கிரீம்' நிறத்தைத் தருகிறது என்று அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 2003-ல், பிரான்ஸில் கண்டிருந்தார்கள். இதே மரபணு முழுதாகப் பழுதானால் மனிதருக்கு ஒருவகை ஆல்பினிசம் வருகிறது.

நிறமி செல்லுக்குள் மெலனின் தயாராகும் சிறு பைகள் உண்டு. அந்தப் பைகளின் அமிலத்தன்மையைச் சரியான அளவில் வைத்திருக்க இந்த மரபணுவின் புரதம் உதவுகிறது. அது கெட்டால் பை இருக்கும். உள்ளே சாயம் தயாராகாது. புலியில் இரண்டு பிரதியும் மாறினால்தான் நிறம் மாறும். ஒரு பிரதி மட்டும் மாறிய புலி சாதாரண மஞ்சள் புலிதான். குதிரையில் ஒரு பிரதியே பாதி வேலையைக் காட்டிவிடும். செவலை பொன்னிறமாகி, பிடரியும் வாலும் வெளுக்கும். பேயின் உடல் மட்டும் பொன்னிறமாகும், பிடரியும் வாலும் கறுப்பாகவே நிற்கும். இரண்டு பிரதியும் மாறிவிட்டால் அடிப்படை நிறம் எதுவானாலும் மயிர் பாலாடை நிறம், தோல் இளஞ்சிவப்பு, கண் வெளிர்நீலம். இந்தக் குதிரைக்குக் காது நன்றாகக் கேட்கும், பார்வையும் சரியாகவே இருக்கும். வெயிலில் மூக்கு வெந்துபோகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆக, முதல் வழியில் நிறமி செல்கள் இடம்வந்து சேர்ந்துவிட்டன, சாயம்தான் இல்லை. பெயிண்டர் வேலைக்கு வந்து ஏணியும் போட்டுவிட்டார், டப்பாவில் பெயிண்ட் இல்லை என்பதுபோல. இரண்டாவது வழியில் பெயிண்டரே வந்து சேரவில்லை. பஞ்சகல்யாணியின் கதை அதுதான்.

பயணத்தின் ஐந்து கடைக்கோடிகள்

நான்கு கால்களும் முகமும் வெளுத்த குதிரையே பஞ்சகல்யாணி. அது மங்கலமானது என்பது இந்தியா முழுக்கப் பரவிய நம்பிக்கை. குதிரை இலக்கணம் எழுதிவைத்த நூல்கள் நம்மிடம் நிறையவே உண்டு. கல்யாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் தொகுத்த மானசோல்லாசத்தில் குதிரைகளுக்குத் தனி இடம் இருக்கிறது. நகுலன் பெயரில் வழங்கும் அசுவசாஸ்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் படங்களோடு 1952-ல் பதிப்பித்தது. படைக்கும் ஊர்வலத்துக்கும் குதிரை வாங்கிய காலத்தில், எது நல்ல குதிரை என்பது பெரும்பணம் சம்பந்தப்பட்ட கேள்வி. அரபு நாட்டிலிருந்து கப்பலேறி வந்த குதிரைகளுக்குப் பாண்டியர்களும் பிறகு விஜயநகரத்தாரும் கொட்டிக்கொடுத்த பொன்னுக்குக் கணக்கில்லை. வெளிப்படையாகத் தெரியும் அடையாளங்களைப் பட்டியல் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் அதிலிருந்து வளர்ந்தது.

இப்போது அதே ஐந்து இடங்களைக் கருவியலாளர் கண்ணால் பார்ப்போம். கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே அதன் முதுகுக்கோட்டில், வருங்கால முதுகுத்தண்டுக்கு மேலே, நரம்பு முகடு என்ற செல்கூட்டம் தோன்றுகிறது. நிறமி செல்களின் மூதாதைகள் அங்கேதான் பிறக்கின்றன. அங்கிருந்து புறப்பட்டு, பெருகிக்கொண்டே, விலாவின் இருபக்கமும் கீழ்நோக்கி நகர்கின்றன. முதுகு பக்கத்திலேயே இருக்கிறது, வயிறு தொலைவு, கால்களின் குளம்பு நுனி மிகத் தொலைவு. தலையில் நெற்றியின் நடுவும் மூக்கு நுனியும் இரு பக்கத்திலிருந்தும் வரும் செல்கள் கடைசியாகச் சந்திக்கும் இடங்கள். பயணத்தில் செல்கள் குறைவாகப் புறப்பட்டாலோ, தாமதமானாலோ, வழியில் மடிந்தாலோ முதலில் காலியாக நிற்பவை இந்தக் கடைக்கோடிகளே. நான்கு குளம்பு, ஒரு முகம். பஞ்சகல்யாணியின் ஐந்து மங்கலங்களும் செல்கள் போய்ச் சேராத ஐந்து முனைகள்.

இதே கணக்கைத் தலைகீழாகவும் போடலாம். உடல் முழுவதும் வெளுத்தும் காதும் உச்சந்தலையும் மட்டும் கறுத்து நிற்கும் குதிரைகள் உண்டு. மகாபாரதத்தில் காலவர் குருதட்சிணைக்காகத் தேடி அலையும் 800 குதிரைகள் நிலாவெண்மையும் ஒரு கறுப்புக் காதும் உடையவை. புறப்பட்ட இடத்துக்கு அருகிலேயே செல்கள் நின்றுவிட்டால் அப்படித்தான் தோன்றும்.

பயணத்தை நடத்தும் மரபணுக்களில் நான்கை அறிந்தால் போதும். கிட் என்பது நகரும் செல்களுக்கு வழிகாட்டி உயிரோடு வைத்திருக்கும் ஏற்பி. எம்ஐடிஎஃப், பாக்ஸ்3 இரண்டும் ஒரு செல்லை நிறமி செல்லாக ஆக்கும் கட்டளைகளைப் பிறப்பிப்பவை. இடிஎன்ஆர்பி ஆரம்பகாலப் பயணிகளின் பெருக்கத்துக்குத் தேவை. இவற்றில் எது, எந்த அளவு கெட்டது என்பதைப் பொறுத்து வெள்ளையின் வரைபடம் மாறுகிறது. கிட் பக்கத்தில் குரோமோசோமின் ஒரு பெருந்துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டால், முதுகைக் கடந்து இறங்கும் பெரிய வெள்ளைத் திட்டுகள் வரும்; முகமும் கண்ணும் பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கும். கிட்டிலேயே வலுவான பழுது நேர்ந்தால் பிறவியிலேயே முழு வெள்ளை. ஜப்பானில் கருநிறப் பெற்றோருக்கு 1996-ல் பிறந்த ஷிரயுகிஹிமே அப்படி ஒரு புதுமாற்றம். அதன் வம்சத்தில் வந்த சோடாஷி, 2020 டிசம்பரில் உலகின் உச்சத் தரப் பந்தயம் ஒன்றை வென்ற முதல் வெள்ளைத் தரோபிரெட் ஆனது. ரோஜா நிற மூக்கு, கரிய விழி.

எம்ஐடிஎஃபோ பாக்ஸ்3யோ கெடும்போது நீலக் கண்ணும் வருகிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகம் முன்னின்ற ஆய்வு இதை 2012-ல் நிறுவியது. இந்தக் குதிரைகளைப் பார்த்தால் வெள்ளைக் குளத்தில் இறக்கி எடுத்ததுபோல் கால், வயிறு, முகம் எல்லாம் கீழிருந்து வெளுத்திருக்கும். நெற்றிச் சுட்டி அகன்று கன்னம் வரை வழிந்திருக்கும். ஒரு கண்ணோ இரு கண்ணோ நீலம். ஒவ்வொரு கண்ணுக்கும் செல்கள் தனித்தனியே போய்ச் சேர வேண்டும் என்பதால் ஒன்று கறுப்பு, மற்றது நீலம் என்றோ, ஒரே விழியில் பாதி நீலம் என்றோ அமைவது சகஜம்.

இதில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. ஒரே குதிரையிலிருந்து குளோனிங் மூலம் உண்டாக்கிய குட்டிகளின் மரபணு ஒன்றே என்றாலும், நெற்றிச் சுட்டியும் கால் வெள்ளையும் அச்சு அசலாக இருப்பதில்லை. கருவில் எந்தச் செல் எத்தனை முறை பிரிந்தது என்பது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். அடிப்படை நிறத்துக்கும் செல்வாக்கு உண்டு. ஒரே வம்சத்தில் பேயைவிடச் செவலைக்கு வெள்ளைக் குறிகள் பெரிதாக அமைகின்றன என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. ஆகவே பஞ்சகல்யாணிக்குப் பஞ்சகல்யாணியே பிறக்கும் என்று எந்தத் தரகரும் உத்தரவாதம் தர முடியாது.

நீலச் சாயம் இல்லாத நீலம்

இரண்டு சாயங்கள்தான் என்று முதலிலேயே பார்த்தோம். இரண்டிலும் நீலம் இல்லை. பிறகு அந்தக் கண் எப்படி நீலமானது?

கருவிழிப்படலம் (ஐரிஸ்) இரண்டு அடுக்கு. முன்னால் மெல்லிய நார்கள் பின்னிய அடுக்கு. பின்னால் கன்னங்கரிய ஓர் அடுக்கு. சாதாரணக் குதிரையில் முன்னடுக்கில் மெலனின் நிறைந்திருப்பதால் கண் பழுப்பாகத் தெரிகிறது. அங்கே மெலனின் இல்லாதபோது ஒளி உள்ளே நுழைகிறது. நீண்ட அலை உடைய சிவப்பு பெரும்பாலும் கடந்துபோய்ப் பின்னடுக்கில் உறிஞ்சப்படுகிறது. குறுகிய அலை உடைய நீலம் நுண்ணிய நார்களில் பட்டுச் சிதறி நம் பக்கம் திரும்புகிறது.

ஒளி சிதறுவதைத் தன் ஆயுள் முழுக்கத் துரத்திய மனிதர் இதே பெங்களூரில்தான் வாழ்ந்தார். 1921-ல் கப்பலில் திரும்பும்போது கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு அல்ல, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டிய சி.வி. ராமன், 1933-ல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இங்கே வந்தார். 1948-ல் தன் பெயரிலான ஆய்வுக் கழகத்தை நிறுவினார். கடலில் சிதறடிப்பது மூலக்கூறு, கண்ணில் நார். அளவு வேறானாலும் குறுகிய அலையே அதிகம் சிதறும் என்ற அடிப்படை ஒன்றுதான்.

இங்கே கவனிக்க ஒரு நுட்பம் இருக்கிறது. முன்னடுக்கின் நிறமி செல்கள் நரம்பு முகட்டிலிருந்து பயணம் செய்து வருபவை. பின்னடுக்கின் கறுப்போ கண்குழியிலேயே, மூளையின் நீட்சியாக, அந்த இடத்திலேயே உருவாகிறது. அதற்குப் பயணம் இல்லை. ஆகவே பயணம் தடைப்பட்ட குதிரையிலும் கண்ணின் உட்புறம் கறுப்பாகவே இருக்கிறது. ஒளி உள்ளே கண்டபடி சிதறாமல் அந்தக் கறுப்பு காக்கிறது, பார்வை கெடுவதில்லை. பூனைக்கண் குதிரைக்கு, அதாவது நீலக் கண் குதிரைக்கு, கண் சரியாகத் தெரியாது என்ற சந்தைப் பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

காதும் குடலும்

பயப்பட வேண்டியது கண்ணுக்காக அல்ல, காதுக்காக. உட்காதின் நத்தைக்கூட்டில் நிறமி செல்களுக்கு ஒரு ரகசிய வேலை இருக்கிறது. அங்கே அவை சாயம் பூசுவதில்லை. ஒலியை மின்சாரமாக மாற்றும் செல்களைச் சூழ்ந்த திரவத்தின் உப்புச் சமநிலையைப் பேணுகின்றன. அவை இல்லையென்றால், பிறந்த சில வாரங்களில் கேட்கும் செல்கள் அழிந்து குதிரை செவிடாகிறது. வெள்ளை ரோமமும் நீலக் கண்ணும் உள்ள பூனைகள் பெரும்பாலும் செவிடு என்று டார்வினே எழுதியிருக்கிறார். மனிதரில் இதே பாக்ஸ்3, எம்ஐடிஎஃப் பழுதானால் வார்டன்பர்க் நோய்க்குறி: நெற்றியில் ஒரு வெள்ளை முடிக்கற்றை, நீலக் கண், செவிட்டுத்தன்மை. ஒரே பயணம், ஒரே தடங்கல். மனிதனானால் என்ன, பூனையானால் என்ன, குதிரையானால் என்ன.

செவிட்டுக் குதிரை மேள தாளத்துக்கும் பட்டாசுக்கும் மிரளாது. ஊர்வலத்துக்கு ஓட்டுகிறவர்களுக்கு அது வசதியாகக்கூடத் தோன்றும். ஆனால் பின்னாலிருந்து வரும் ஆளை அது கேட்காது. திடீரென்று தொட்டால் உதைக்கும். லாரி ஹாரனும் அதற்குக் கேட்காது.

இடிஎன்ஆர்பி கெடும்போது நிலைமை இன்னும் மோசம். ஒரு பிரதி மட்டும் மாறிய குதிரை அழகான திட்டுகளோடு, பலசமயம் நீலக் கண்ணோடு, ஆரோக்கியமாக இருக்கும். இரண்டு பிரதியும் மாறிய குட்டி முழு வெள்ளையாகப் பிறந்து, பால் குடித்து, சாணம் போட முடியாமல் வயிறு வலித்துச் சில நாட்களுக்குள் இறந்துபோகும். குடலை அசைக்கும் நரம்பு செல்களும் அதே நரம்பு முகட்டிலிருந்து பயணித்து வர வேண்டியவை. அவையும் வந்து சேரவில்லை. அமெரிக்கப் பெயிண்ட் வகைக் குதிரைகளில் இந்தக் குட்டிச் சாவுகள் காலகாலமாகத் தொடர்ந்தன. 1998-ல் மரபணு தெரிந்த பிறகு, மாற்றமுள்ள இரண்டைச் சேர்க்காமல் இருப்பதே அங்கே பண்ணைக்காரர்களின் பாலபாடம். சேர்த்தால் நான்கில் ஒரு குட்டி சாகும் கணக்கு.

இந்தச் சோதனைகளுக்குப் பிடரியிலிருந்தோ வாலிலிருந்தோ வேரோடு பிடுங்கிய 20, 30 மயிர் போதும். அரியானாவின் ஹிசாரில் குதிரை இனங்களுக்கென்றே தேசிய ஆய்வு மையம் இயங்கும் நாட்டில், பஞ்சகல்யாணியும் நொக்ராவும் கைமாறும் சந்தைகளில் மரபணுச் சோதனை பேச்சிலேயே அடிபடுவதில்லை. ஆய்வகத்துக்கு எழுதிப்போடாமலேயே பார்க்கக்கூடியவையும் இருக்கின்றன. மூக்குத் தோல் கறுப்பு, விழி கறுப்பு என்றால் அது நரை. வாலைத் தூக்கிக் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். உடல் முழுக்க ஒரேசீராகப் பாலாடை நிறம், தோல் இளஞ்சிவப்பு, கண் நீலம் என்றால் அது பெரும்பாலும் கிரீம். நிழல் இருக்கும் லாயம் போதும். முகமும் காலும் அகல வெளுத்து, கண் நீலம் என்றால் சந்தேகம் காதின் மேல் விழ வேண்டும். அப்படிப்பட்ட இரண்டை ஒன்றோடொன்று சேர்ப்பதும் கூடாது. சுழி பார்க்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்து, உதைக்கு எட்டாத தூரத்தில் அதன் பின்னால் நின்று ஒருதரம் பலமாகக் கைதட்டுங்கள். காது திரும்பினால் விலை பேசலாம்.